டாக்டரைச் சாகவிடாதீர்கள்

"டாக்டருக்கு ஒண்ணும் ஆகாதுய்யா! ஆச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன், போதுமா?"

வாயை விட்ட பிறகுதான் மீசைக்காரர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷத்து மீசை. கடையில் அவருக்குப் பெயரே அதுதான். ஏழு மணி சீரியலைப் பற்றி அவர் சொன்னால் சொன்னதுதான். கதாநாயகி அழுவது சுத்தப் போலி, வில்லி நடிப்பு அபாரம், டாக்டர் இல்லாவிட்டால் சீரியலே இல்லை!

சீண்டிவிட்டவர் லென்ஸ் தேய்க்கிற லென்ஸ்காரர். "நேத்து டாக்டர் ரெண்டு தடவை இருமினாரே, கவனிச்சீங்களா? சீரியல்ல யாரும் சும்மா இருமமாட்டாங்க. ஆளை முடிக்கப் போறாங்க."

விஷயம் வீட்டுக்குப் போனது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்களைக் கட்டிக்க நான் சம்மதிச்சதே அந்த மீசையைப் பார்த்துத்தான். அது இல்லாம வாங்க, யார் நீங்கன்னு கேக்கறேன்!"

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார். காலையில் யோசனை பளிச்சென்று வந்துவிட்டது. கிட்டத்து எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கையில் கொடுக்கும் அட்டையைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பதில் ஒரு கடிதத்தை, கண் காட்ட வந்த அம்மாளிடம் நீட்டினார்.

"படிங்கம்மா."

"மதிப்பிற்குரிய டி.வி. நிலையத்தாருக்கு, டாக்டரைச் சாகவிடாதீர்கள்..."

"அருமை! கீழே கையெழுத்துப் போடுங்க."

"கண்ணு டெஸ்டுக்குக் கையெழுத்து எதுக்குங்க?"

"கோணலா வருதான்னு பார்க்கணும்மா."

முதல் வாரம் ஐம்பது கடிதங்கள் போயின. வெள்ளிக்கிழமை டாக்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா!" லென்ஸ்காரர் துள்ளினார்.

"போய்யா! காய்ச்சல்னா மாத்திரை போட்டுக்குவாரு. அவரே டாக்டர்!"

கடிதம் போதவில்லை என்று முடிவு கட்டினார் மீசைக்காரர். கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்க வந்தவரையும் உட்காரவைத்து எழுத்தைக் காட்டினார். ஒரு பெரியவருக்கு நாலு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு நாலு கையெழுத்து வாங்கினார். இருநூறு கடிதம் சேர்ந்தது. டாக்டருக்கு நினைவு தப்பிவிட்டது.

"இன்னும் மூக்கில ட்யூப்தான் பாக்கி," என்றார் லென்ஸ்காரர். மறுநாள் அதையும் வைத்துவிட்டார்கள்.

மீசைக்காரர் வெறிபிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். கண் நன்றாகத் தெரிகிறவர்களைக்கூடத் தெருவிலிருந்து கூப்பிட்டு வந்தார். "இலவசப் பரிசோதனை, வாங்க வாங்க!" கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நானூறு கடிதங்களை மூட்டை கட்டி அனுப்பினார்.

அதற்குள் அதிசயம் நடந்தது. டாக்டர் கண் விழித்தார்! சிரித்தார்! சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியை விட்டு நடந்தே வந்தார். கடை டி.வி. முன்னால் மீசைக்காரர் குதித்த குதியில் கண்ணாடி அலமாரி ஆடியது.

"எப்படி? என்னமோ சொன்னீங்களே!"

டாக்டர் ரோட்டில் இறங்கினார்.

"ஐயோ டாக்டர், வலது பக்கம் பாருங்க! லாரி! லாரி!"

டாக்டர் பார்க்கவில்லை.

லென்ஸ்காரர் எழுந்துபோய் எதிர்ச் சலூனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கடையே பின்னால் வந்து நின்றது. மீசைக்காரர் மனைவியை நினைத்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினார். இடது பக்க மீசை மடியில் விழுந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தபடி ஆறுதலாகப் பேச ஆரம்பித்தார்.

"எனக்கே மனசு கேக்கல சார். என் மச்சான் அந்த சீரியல்லதான் மேக்கப் போடறான். டாக்டரைக் கொல்ற கதையே கிடையாதாம். அன்னிக்கு இருமினது நிஜ இருமல். எவனோ ஒருத்தன் கட்டுக்கட்டா கடிதம் போட்டிருக்கான். கடிதம் வர வர நடிகர் சம்பளத்தை ஏத்திக் கேட்டாராம், சீரியல்காரங்க நோயை ஏத்தினாங்களாம். கடைசியில மனுஷன் இறங்கி வந்தாரு, இவங்களும் டிஸ்சார்ஜ் பண்ணாங்க. அன்னிக்குன்னு பார்த்து ஒரு மூட்டை கடிதம் வந்து இறங்கிச்சு, மறுபடியும் சம்பளத்தை ஏத்திட்டாரு! அதான் லாரி. அந்தப் புண்ணியவான் மட்டும் சும்மா இருந்திருந்தா உங்க மீசை இருந்திருக்கும்... ஆடாதீங்க சார், இன்னும் பாதி இருக்கு!"