பேசும் கிணறும் ஒரு குடம் பீட்ரூட் சாறும்

அன்று யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று சொல்லக் கூடாது அல்லவா?

இடம், விடோவெட்ஸ் கோட்டையின் கிணற்று மண்டபம். நேரம், ஞாயிறு பகல் இரண்டு மணி. கிணற்றைச் சுற்றி மூன்று வட்டமாக நாற்காலிகள். முதல் வட்டத்தில், எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கொர்னெல் ஐயா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. அவருக்கு இடப்பக்கம் மருந்துக்கடைக்கார அம்மாள். ஊருக்கெல்லாம் மாத்திரை விற்கிறவர், தன் மூட்டு வலிக்குக் கிணற்றிடம் வந்திருந்தார். இரண்டாவது வட்டம் முழுக்க கிராக்கோவிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். மூன்றாவதில் அவர்களுடைய கோட்டுகளும் சாப்பாட்டுப் பைகளும். கிணற்று விளிம்பை ஒட்டிய தனி நாற்காலியில் டெக்லா அம்மாள், எங்கள் கோட்டையில் நுழைவுச் சீட்டுக் கொடுப்பவர். அவருக்கு எதிரே, சிங்கத் தலை செதுக்கிய உயரமான நாற்காலியில் செவெரின் மாஸ்டர். தூணோரம் நின்றபடி, கையில் மண்குடத்தோடு, யுஸ்டின் ஆகிய நான். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தக் கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறவன்.

எங்கள் கிணற்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேடிக்கை உண்டு. குடத்துத் தண்ணீரை உள்ளே ஊற்றுவேன். எல்லோரும் அவரவர் மொழியில் உரக்க எண்ணுவார்கள். ஐந்து என்னும்போது அடியிலிருந்து சத்தம் வரும். கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், கீழே போய்ப் பன்றி வறுவல் சாப்பிடுவார்கள். என் தாத்தா காலத்திலும் ஐந்துதான், என் காலத்திலும் ஐந்துதான்.

போன வசந்தத்தில் செவெரின் வந்தார். கையில் பித்தளைக் கோல், கழுத்தில் செப்புத் தட்டு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கிணற்றில் குதித்த ஓர் அரசி இன்னும் உள்ளே இருக்கிறாளாம், கேட்டதற்குப் பதில் சொல்வாளாம். தண்ணீர் ஊற்றிச் சத்தம் கேட்டால் 'ஆம்'. கேட்காவிட்டால் 'வேண்டாம்'. கோட்டையின் பழைய ஏடுகளை நான் ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறேன். அரசி யாரும் விழுந்ததாக இல்லை. ஒரு பன்றி விழுந்ததாக இருக்கிறது. அதை எடுப்பதற்காக நிலவறையிலிருந்து படி வெட்டி, கிணற்றின் பக்கவாட்டில் ஒரு சிறு வாசல் திறந்ததாகவும் இருக்கிறது. பன்றி வரம் கொடுத்ததாகத் தகவல் இல்லை.

கோட்டையைக் குத்தகைக்கு எடுத்த மேலாளருக்குக் கூட்டம் வந்தால் போதும். நிலவறைச் சாவியைச் செவெரினிடமே கொடுத்துவிட்டார். செவெரின் வைத்தது மூன்று விதி. கண்ணை மூட வேண்டும். கைகோத்துக்கொள்ள வேண்டும். யாரும் எண்ணக் கூடாது. தலைமுறை தலைமுறையாக எண்ணிய ஊர், ஒரே வசந்தத்தில் எண்ணுவதை விட்டுவிட்டது!

நான் விடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு மனசுக்குள் எண்ணினேன், குறித்தும் வைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தொரு கேள்விகள். செவெரின் கோலால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால், ஐந்தில் சத்தம். இரண்டு தட்டுத் தட்டினால், அரசி மௌனம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மௌனம் கிடைத்தவர்கள் பயந்துபோய் அவரிடம் செப்புத் தட்டு வாங்கினார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள். 'ஆம்' கிடைத்தவன் வீட்டுக்குப் போய்விடுவானே, அவனால் என்ன லாபம்?

ஊரார் ஏமாந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் டெக்லா அம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. சீட்டு அறைக்குப் பதினொரு படி. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. சம்மதத்தை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது மருத்துவமனை. கிணறோ மூன்று வாரமாக மௌனம்.

சனிக்கிழமை என் மேசைக்கு வந்தார். கோட்டையில் எல்லோருக்கும் கடிதம் எழுதுகிறவன் நான்தான்.

"எழுதுங்க யுஸ்டின். எனக்கு ஆபரேஷன் வேண்டாம், அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்திடுங்கன்னு."

"டெக்லா அம்மா, பன்னிக்கு வெட்டின வாசல்ல ஆள் நிக்கிறான். ரெண்டு தட்டுனா தார்ப்பாயை விரிக்கிறான். தண்ணி அதுல விழுந்தா சத்தம் எப்படி வரும்? இந்தாங்க, எல்லாம் நோட்டுல குறிச்சிருக்கேன்."

"உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு நோட்டு! முன்ன எல்லாரும் உங்க பேச்சைக் கேட்டாங்க, இப்ப அவர் பேச்சைக் கேக்குறாங்க. வயித்தெரிச்சல்."

"சரி, வயித்தெரிச்சல்னே வச்சுக்குங்க. டாக்டர் என்ன சொன்னார்?"

"பண்ணலேன்னா ஒரு வருஷம்னார்." குரல் தணிந்தது. "கத்தியை நெனச்சாலே பயமா இருக்குய்யா. நாளைக்குக் கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன். அப்புறம் உறையை ஒட்டிடுங்க."

எழுதிக் கொடுத்தேன். ஒட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும், சூப்புக்காக என் மனைவி பூண்டு போட்டுப் புளிக்கவைத்திருந்த பீட்ரூட் சாறு மூன்று லிட்டரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

ஆக, ஞாயிறு இரண்டு மணிக்கு என் கையில் இருந்த குடத்தில் தண்ணீர் இல்லை.

மண்டபத்தில் மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும்தான். செவெரின் கோலைத் தூக்கினார். பூண்டு வாசனை அவர் மூக்கை எட்டியது. அசந்தாரா? இல்லை.

"அரசியின் மூச்சு வருது! உணர்றீங்களா?"

"உணர்றோம்," என்றார் கொர்னெல் ஐயா, ஆழமாக இழுத்து.

டெக்லா அம்மாள் என்னிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார். "நான் பொழைக்க அந்த ஆபரேஷன் வேணுமா?"

தட். தட். அவர் குடத்தைச் சாய்த்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே கிணற்றுக்குள்ளிருந்து ஓர் அலறல்.

"ஐயோ! கண்ணு! கண்ணு எரியுதே!"

கூட்டம் அப்படியே மண்டியிட்டது. மருந்துக்கடைக்கார அம்மாள் அழுதே விட்டார். செவெரினின் முகம் வெளுத்தது. ஆனாலும் தொழில் தெரிந்தவர். "பேசிட்டா! எழுநூறு வருஷம் கழிச்சு அரசி பேசிட்டா!"

அரசி மறுபடியும் பேசினாள், நல்ல ஆண் குரலில். "யோவ் செவெரின்! என்னய்யா ஊத்துனீங்க? உன் அக்காளைக் கட்டுன பாவத்துக்கு இன்னும் என்னவெல்லாம் படணும்?"

படியேறும் சத்தம். நிலவறைக் கதவு தடாலென்று திறந்தது. தலை முதல் கால் வரை கருஞ்சிவப்பாக, கையில் தார்ப்பாயோடு, காதில் ஒரு பூண்டுப் பல்லோடு வந்து நின்றார் செவெரினின் மச்சான் கொன்ராட்.

"ரத்தம்!" என்று கத்தினார் ஒரு பேருந்துக்காரர்.

"சூப்புங்க," என்றேன். "வேணும்னா நக்கிப் பாருங்க."

பிறகு ஒரு குடம் வெறும் தண்ணீர் கொண்டுவந்தேன். "எல்லாரும் கண்ணைத் திறங்க. உரக்க எண்ணுங்க. அரசியம்மா, ரெண்டும் ரெண்டும் ஏழா?"

ஊற்றினேன். முதலில் கூச்சத்தோடு நாலு பேர், பிறகு மண்டபமே எண்ணியது. ஐந்தில் சத்தம் வந்தது. ரெண்டும் ரெண்டும் ஏழு என்று அரசி ஒப்புக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு. செவெரின் மாஸ்டர் யோக்கியரா?"

ஐந்தில் மறுபடியும் சத்தம், 'ஆம்'. ஆனால் நாற்காலி காலி. மாஸ்டர் கோட்டை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். கோலை எடுத்துக்கொண்டு மச்சானை விட்டுவிட்டுப் போனார்.

டெக்லா அம்மாள் கழுத்திலிருந்த செப்புத் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப கிணறு எனக்குச் சரின்னுதான் சொல்லுதா யுஸ்டின்?"

"கிணறு எதுக்கும் சரின்னுதான் சொல்லும். நீங்க குதிக்கட்டுமான்னு கேட்டாலும் அஞ்சுலதான் சத்தம் வரும். படிச்சவர் ஒருத்தர் உங்க நெஞ்சுல கருவி வச்சுப் பார்த்துச் சொன்னாரே, அதை விட்டுட்டு இதைக் கேக்குறீங்களே!"

அவர் தட்டை நாற்காலியில் வைத்தார். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. "பயம் இருக்கத்தான் செய்யுது," என்றார். "பயத்தோடயே போறேன். பழசைக் கிழிங்க."

கிழித்தேன். சீட்டு அறையில் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். 'பதினான்காம் தேதி காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன்.' அவரே கையெழுத்துப் போட்டார்.

கொர்னெல் ஐயா இன்றும், அன்றைக்கு அரசி கோபமாக இருந்தாள் என்றுதான் சொல்கிறார். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. நீங்கள் படித்த பள்ளி எதுவோ எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணை மூடு, எண்ணாதே என்று எவனாவது சொன்னால், அந்த நிமிஷமே கண்ணைத் திறந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பியுங்கள். ஐந்து போவதற்குள் அவன் யாரென்று தெரிந்துவிடும்.

உறையின் ஓரத்தை டெக்லா அம்மாளே நாக்கால் நனைத்து ஒட்டினார். கோட்டை வாசலுக்கு வெளியே சிவப்புத் தபால் பெட்டி. கடிதத்தை உள்ளே விட்டுவிட்டு, பழக்க தோஷம், இருவரும் எண்ணத் தொடங்கினோம். ஒன்று சொல்லி முடிப்பதற்குள் அடியில் விழுந்த சத்தம் கேட்டது.