பல் டாக்டரம்மா குழாயில் ரோமாபுரிக் காசு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் மாமியாரும் நலம், இரும்புக்கடையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே போகிறேன், சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

நீங்கள் விட்டுப்போன ரோமாபுரிக் காசு எந்த ஊரில் அடித்தது என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்தால்தான் உங்கள் நாணயச் சங்கத்துக் கண்காட்சியில் வைக்க விடுவார்கள் என்றீர்களே, இனி தைரியமாக வைக்கலாம்.

நடந்தது இதுதான். பழங்காசு ஆராய்கிற நாணயக்காரர் வந்து பார்க்கட்டும் என்று காசைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். தேய்ந்து கறுத்து, குழாய் வாயை அடைக்கும் செம்புத் தகடு மாதிரியே இருந்தது என்பதை நீங்களே மறுக்க மாட்டீர்கள். அப்போது பார்த்து நம் பிளம்பர் ‘ஸ்பானர்’ ஓடி வந்தான். “முதலாளி, பல் டாக்டரம்மா கிளினிக்ல தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துது. அடைக்க ஒரு தகடு குடுங்க.” தகடு தீர்ந்திருந்தது. ஆனால் ஆணிக்கூடையைத் தலையில் சுமந்து விற்ற நாளிலிருந்து வாடிக்கைக்காரரிடம் நான் ‘இல்லை’ என்று சொன்னதே கிடையாது. கை தானாகத் தடவிற்று, அகப்பட்டதைக் கொடுத்தது, விலையும் வாங்கிப் போட்டது. மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது.

மறுநாள் நாணயக்காரர், “எங்க சார் அந்தக் காசு?” என்றபோதுதான் தகடு என்று எதை விற்றேன் என்பது எனக்கு உறைத்தது. அவரையும் ஸ்பானரையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறார்.

“நல்லா இருக்கிற குழாய எதுக்குப் பிரிக்கிறீங்க?” என்றார் டாக்டரம்மா.

“உள்ள எங்க மாப்பிள்ளையோட மானம் மாட்டிக்கிட்டிருக்கும்மா.”

ஸ்பானர் திருகினான். தண்ணீர் என் சட்டையில் பாய, காசு என் கையில் விழ, அதன் பின்னால் வைத்திருந்த ரப்பர் வில்லை பறந்துபோய் நோயாளியின் நெஞ்சில் விழுந்தது. நாணயக்காரர் காசைச் சாய்த்துப் பார்த்தார், லென்ஸில் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். “சுத்தமா தேஞ்சிருக்கு சார். சொல்றதுக்கில்ல.” நோயாளி மட்டும் “ஆ... ஆ...” என்று தன் நெஞ்சையே காட்டிக்கொண்டிருந்தார். “மாரடைப்பா?” என்று ஸ்பானர் பதறினான். இல்லை, ரப்பரைக் காட்டியிருக்கிறார். தண்ணீர் அழுத்திய அழுத்தத்தில், காசில் கண்ணுக்குப் பிடிபடாத மேடெல்லாம் ரப்பரில் பள்ளமாகப் பதிந்திருந்தன. ஒரு பெண் தலை, சுற்றிலும் இடம்வலம் மாறிய எழுத்து. டாக்டரம்மா பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை நீட்டினார். அதில் எழுத்து நேராயிற்று.

“கிரேக்க எழுத்து சார். ரோமாபுரி ஆட்சிக்குக் கீழ இருந்த ஊரு அடிச்ச காசு. கோட்டை மதிலயே கிரீடமா வச்சிருக்கா பாருங்க, அந்த ஊரக் காக்கிற தேவதை,” என்றார் நாணயக்காரர். ஊர்ப் பெயரைத் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறார், என் வாயில் நுழையவில்லை.

குழாய்க்குப் புதுத் தகடு மாட்டிவிட்டோம். காசைப் பஞ்சில் சுற்றி இந்த உறையில் வைத்திருக்கிறேன். குழாய் விஷயம் என் மகளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவள் அம்மாவுக்கும் தெரியும், பிறகு நான் கடையில்தான் படுக்க வேண்டும்.

பல்வலியும் குழாயடிச் சண்டையும் அண்டாமல் நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

அன்புள்ள,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரம்மாவே கடைக்கு வந்துவிட்டார். புதுத் தகடு நிற்கவில்லையாம், கிளினிக்கில் கணுக்கால் அளவு தண்ணீராம். “அந்தப் பழைய தகடு மாதிரி ஒண்ணு இருக்குங்களா ஐயா?” என்றார். ‘இல்லை’ என்ற அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை, மாப்பிள்ளை. ஆகவே பஞ்சுக்குள் இருப்பது ரப்பர் வில்லை. கண்காட்சியில் அதை வையுங்கள், பக்கத்தில் ஒரு கண்ணாடியும் வையுங்கள். காசைத்தான் பார்ப்பேன் என்று சங்கத்தில் யாராவது அடம்பிடித்தால், பல்வலி என்று சொல்லி டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிக்கொண்டு வரட்டும்.