குளிர் தொடங்கும் முடக்கு

எங்கள் குடும்பத்தில் எழுத்தைக் கண்டு பயப்படாத முதல் ஆள் நான். கொஞ்சம் பயந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பா கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர். (உயரமாக வளர்ந்துவிட்ட தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் வேலை. கத்தி நன்றாக இருக்க வேண்டும். இடுப்பு அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.) அம்மா கொழுந்து பறிக்கிறவர். நான் பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் இங்கிலீஷ் படித்து, பத்தொன்பதாவது வயதில் ஒரு கறுப்புக் கோட்டோடு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பி வந்தேன். உச்சி வெயிலில்கூட அந்தக் கோட்டை நான் கழற்றியதில்லை. கழற்றினால் படித்தது யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்ற பயம்.

தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அந்த இடத்தில் நான் உட்காரப் போகிறேன் என்று அப்பா லயம் முழுக்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் துரையிடம் கேட்கவே போனோம். அப்பா தலைப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியதுரை என்னைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து, லாரியோடு வந்த ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"நீ வாசி. டிரைவருக்குச் சொல்லு. இந்த மாசம் லாரி நல்லா ஓடு, நீ ஆபீஸ். நல்லா ஓடல்லே, நீ கவ்வாத்து."

துரையின் தமிழ் அவ்வளவுதான். ஆனால் அதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

அந்த லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீமைச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் வேண்டாமென்று தள்ளியதைத் துரை கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்தார். மற்ற லாரிகளில் பின்சக்கரம்தான் வேலை செய்யும். முன்சக்கரம் சும்மா கூடவே உருளும். இதில் எஞ்சினின் பலம் நாலு சக்கரத்துக்கும் போகும். எந்தச் சேற்றிலும் எருமை போல ஏறிவிடும். அதற்காக அதன் வயிற்றுக்கடியில் மூன்று இரும்புப் பெட்டிகள் இருந்தன: நடுவில் கியர்ப்பெட்டி, முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று. மூன்றுக்குள்ளும் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் எண்ணெய் வடியும்.

ஓட்டுகிறவர் காசிம் நானா, பதுளைக்காரர். புத்தகத்தைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வியே எண்ணெயைப் பற்றித்தான்.

"தம்பி, இந்தப் பெட்டிகள்ட எண்ணெயை எத்தனை நாளைக்கு ஒருக்கா மாத்தணும்னு போட்டிருக்கு?"

"நீங்க இதுவரைக்கும் எப்ப நானா மாத்துனீங்க?"

"மாத்துறதா? வண்டி உறுமினா ஊத்துவேன். இன்னும் உறுமினா இன்னும் ஊத்துவேன்."

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். (அப்போது எனக்கு யாரைப் பார்த்தாலும் பரிதாபம்தான்.) இரண்டு இரவு உட்கார்ந்து தேடி அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தேன். தமிழில் இப்படி வரும்: 'குளிர் தொடங்கும்போது மெல்லிய எண்ணெய்க்கும், வெப்பம் தொடங்கும்போது கெட்டி எண்ணெய்க்கும் தவறாமல் மாற்றுக, தவறினால் பல்சக்கரங்கள் பாழாகும்.'

காசிம் நானா யோசித்தார். "அப்ப குளிர் எப்ப தொடங்கும்?"

நியாயமான கேள்வி. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. புத்தகத்தை எழுதிய சீமைக்காரருக்குக் குளிர் மாதத்தில் வருகிறது. எங்கள் பக்கத்தில் அது ரோட்டில் வருகிறது. எங்கள் தோட்டத்தில் கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டும். ஏறி அப்புத்தளைக்குப் போனால் அதே மத்தியானத்தில் பல் அடித்துக்கொள்ளும். ஆகவே குளிர் 'எப்போது' தொடங்குகிறது என்பதை விட்டுவிட்டு, 'எங்கே' தொடங்குகிறது என்று ஆராயப் புறப்பட்டேன்.

லாரியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், கடைசித் தேயிலை மலையை ஒட்டி ஒரு முடக்கு இருக்கிறது. அங்கே ரோடு வளைந்ததும் காற்று மாறும். பேசினால் வாயிலிருந்து புகை வரும். நான் கோட்டின் மேல் பொத்தானைப் போடுவேன். அந்த முடக்கில் இருந்த பாறையின் மேற்புறம் சுண்ணாம்பால் 'குளிர்' என்றும், கீழ்ப்புறம் 'வெப்பம்' என்றும் எழுதினேன். எழுத்து மணியாக இருந்தது. அதில் மட்டும் இன்றுவரை யாரும் குறை சொல்லவில்லை.

"தம்பி," என்றார் காசிம் நானா மெதுவாக, "நாம தெனமும் ஏறி எறங்குறோம். அப்ப தெனமும் ரெண்டு தரமா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு நானா."

"துரைட புத்தகமா?"

"துரைட புத்தகம்தான்."

"அப்ப சரி," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு தகர டின்களை ஏற்றினார்.

மூன்று நாள் அப்படியே நடத்தினோம். தேயிலைப் பெட்டிகளோடு ஏறும்போது முடக்கில் நிறுத்தி, லாரிக்கடியில் நான் மல்லாந்து படுத்து, மூன்று திருகாணியையும் கழற்றிக் கெட்டி எண்ணெயை டின்னில் வடித்து மெல்லிய எண்ணெயை ஊற்றுவோம். அரிசி மூட்டைகளோடு இறங்கும்போது அதே இடத்தில் அதையே தலைகீழாகச் செய்வோம். வழியில் போன மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்.

"என்னா நானா, லாரிக்குப் பேதி மருந்து குடுத்திருக்கீங்களா?"

"அதுக்குச் சளி," என்றார் நானா. "டாக்டர் அடியில இருக்கார்."

முதல் மூன்று நாளும் அவசரமில்லாத சரக்கு. நாலாம் நாள் போனது கப்பலுக்குப் போக வேண்டிய தேயிலை. மத்தியானச் சரக்கு ரயிலில் ஏற்றியாக வேண்டும். துரையே முன்னால் குதிரையில் போய் அப்புத்தளை ஸ்டேஷனில் காத்திருந்தார். நானா முடக்கை நெருங்கும்போது, "இண்டைக்கு மட்டும் விட்டுருவோமா?" என்று கேட்டார். பல்சக்கரங்கள் பாழாகும் என்பதை நான் அவருக்கு மறுபடி வாசித்துக் காட்டினேன்.

பின் அச்சுப் பெட்டியின் திருகாணியைக் கழற்றிய நேரம் பனிப்புகை கவிந்தது. எண்ணெய்க் கையிலிருந்து ஆணி வழுக்கியது. ரோட்டில் விழுந்து, ஒரு முறை துள்ளி, ஓரத்தைத் தாண்டித் தேயிலை மலைக்குள் இறங்கிப் போய்விட்டது. எண்ணெய் டின்னுக்குள் வடிந்துகொண்டே இருந்தது. நான் ஓரத்தில் போய் நின்றேன். கீழே வெறும் வெள்ளை. அதற்குள்ளிருந்து பெண்கள் பேசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்க யாருங்க? ஒரு இரும்புத் திருகாணி உருண்டு வந்திச்சா?"

"யாரு, கோட்டுக்காரரா?" என்றது ஒரு குரல். "அக்கா, ஒன் மகன் மேல நின்னுக்கிட்டு ஆணி கேக்குறாரு!"

அன்று அந்த மலையில் ஆளுக்கொரு வரிசையாக நிறை பிடித்திருந்தது அம்மாவின் கூட்டம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சாப்பிட்டியாடா?" என்று பனிக்குள்ளிருந்து அம்மா கேட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் இதைவிடச் சிறியவனாக முடியாது. பெண்கள் கூடையோடு குனிந்து செடிக்கடியில் துழாவ ஆரம்பித்தார்கள். கங்காணி கத்தினார்: "கொழுந்தப் பாருங்கடி! சாயங்காலம் ஆணியையா நிறுக்கப் போறாங்க?"

"நிறுத்தா நல்லதுதானே கங்காணி, கனமா இருக்குமே!" என்றாள் ஒருத்தி. மலை முழுக்கச் சிரித்தது. ஆணி கிடைக்கவில்லை.

அடுத்த மலையில் கவ்வாத்து. சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா கத்தியோடு ஏறி வந்தார். லாரியைப் பார்த்தார். கீழே கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"ஓட்டை எவ்வளவு?"

காட்டினேன். அப்பா குனிந்து துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். போய், வெட்டிப் போட்டிருந்த தேயிலைக் கட்டையில் ஒன்றைப் பொறுக்கி, நாலே சீவலில் ஒரு முளை செதுக்கினார். தலைப்பாவின் ஓரத்தைக் கிழித்து அதில் சுற்றி, துளையில் வைத்துக் கல்லால் அடித்து இறக்கினார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"போங்க," என்றார்.

"எந்த எண்ணெயை ஊத்தட்டும் தம்பி?" என்றார் நானா.

"குளிர் எண்ணெய்," என்றேன். (அவ்வளவுக்கும் பிறகுகூட!)

அப்புத்தளையில் நாங்கள் கண்டது ரயிலின் முதுகை. துரை கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். நான் லாரியிலிருந்து இறங்கி நின்று, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் வாசித்தேன். உச்சரிப்பு நன்றாகத்தான் இருந்தது. துரையின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது.

"இது எங்க ஊர் குளிர்!" என்றார். "டிசம்பர் வரும், குளிர். ஜூன் வரும், வெயில். வருசம் ரெண்டு தரம் எண்ணெய் மாத்து. நாளைக்கு ரெண்டு தரம் இல்லே!"

பிறகு அவரே குனிந்து லாரிக்கடியில் பார்த்தார். மர முளையைத் தட்டிப் பார்த்தார்.

"இது யார் செஞ்சது?"

"எங்க அப்பாங்க, துரை."

"அவன் படிச்சதா?"

"இல்லைங்க."

"நல்லது," என்றார் துரை. அந்த ஒரு சொல் இன்னும் எனக்கு வலிக்கிறது. தீர்ப்பையும் அங்கேயே சொன்னார்: "ஒரு குளிர் போகட்டும். ஒரு வெயில் போகட்டும். அப்புறம் ஆபீஸ் வா. அது வரைக்கும் கவ்வாத்து."

திரும்பும்போது நாங்கள் முடக்கில் நிற்கவில்லை. மெல்லிய எண்ணெயோடே கீழே வெயிலுக்குள் இறங்கினோம். பல்சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் லயத்து வாசலில் அப்பாவிடம் துரையின் தீர்ப்பைச் சொன்னேன். லயம் முழுக்கச் சொல்லி வைத்தவர் அவர். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டி முடித்து, கத்தியின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு குளிர், ஒரு வெயில்னுதானே சொன்னாரு?"

"ஆமாங்கப்பா."

"அப்ப என்னா. நாளைக்குக் காசிம் நானாகூட லாரியில ஏறி அப்புத்தளை வரைக்கும் போயிட்டு வந்திரு. சாயங்காலமே ஆபீஸ்ல போய் ஒக்காந்துக்கலாம்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு பக்கத்து வீடு. பிறகு லயம் முழுவதும். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அப்பா சிரிக்கவில்லை. இரண்டாவது கத்தி ஒன்றை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். அது எனக்கு.

மறுநாள் விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நான் கோட்டில்லாமல் போனேன். ஒரு குளிரும் ஒரு வெயிலும், சீமைக் கணக்குப்படியே, அப்பாவுக்குப் பக்கத்து நிறையில் கவ்வாத்து வெட்டினேன். வருடம் முடிந்த அன்று துரை சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டனுப்பினார். இன்று அந்த லாரிக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய மாதத்தை நான்தான் ஆபீசில் எழுதி வைக்கிறேன்: வருடத்துக்கு இரண்டு தரம், ஆற்றைக் கடக்கும்போது பெட்டிக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் மூன்று. பாறையில் சுண்ணாம்பு மழையில் கரைந்துவிட்டது. ஆனால் அந்த இடத்துக்குக் குளிர் முடக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நிலைத்துப்போனது இன்னொன்றும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் தகப்பனார் மரியாதையாக, "மாப்பிள்ளைக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டார்.

அப்பா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்: "ஊருக்கு இருபத்து மூணுங்க. லாரிக்கு இருபத்தாறரை."

பெண் வீட்டார் முகங்கள் இருண்டன. வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "அது என்னா அரை?"

"மூணு நாள் ஏறி எறங்குனான், அது மூணு வருசம். நாலாம் நாள் ஏறுனான், எண்ணெய மாத்துனான். எறங்கயில மாத்தல்லயே தாயி," என்றார் அப்பா. "அந்த வெயில் இன்னும் பாக்கி."

அந்தக் குரலைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "அந்த அரை முடிஞ்சிருச்சாங்க?"