சம்பந்திக்குக் கொடுத்த கொலாஜன்

பணி ஓய்வு பெற்ற அரசு ஊழியனுக்குக் கடைசியாக மிஞ்சும் அலுவலகம் அவனுடைய வயிறுதான். காலையில் அது நேரத்துக்குத் திறந்ததா, நேற்றைய நிலுவை தீர்ந்ததா, எந்தப் பிரிவில் தேக்கம் என்று நாள் முழுதும் ஆய்வு நடத்திக்கொண்டிருப்பான். நானும் நடத்தினேன். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். குறையுள்ள மனுவை முகர்ந்து பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பெயர்.

வயிற்றோடு முழங்காலும் சேர்ந்து மனுப் போட்டபோது, ஆசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் இருக்கும் ஒரு கஃபேக்குப் போனேன். அங்கே விலையைத் தவிர எல்லாமே உடம்புக்கு நல்லது. கல்லாவில் இருந்த பெண் ஒரு தூள் டப்பாவை எடுத்து வைத்தாள்.

"ஃபெர்மென்டட் கொலாஜன் பெப்டைட்ஸ் அங்கிள். குடலுக்கும் மூட்டுக்கும் ரொம்ப நல்லது. உள்ள இருக்கற வீக்கத்தை எல்லாம் கம்மி பண்ணும்."

"ஃபெர்மென்டட்னா?"

"புளிக்க வச்சது."

புளிக்க வைத்தது! என் மனம் நேராக இட்லி மாவுக்குப் போனது. அங்கிருந்து தயிருக்கு, நீராகாரத்துக்கு. எங்கள் வீட்டில் புளிப்பதெல்லாம் சைவம். ஆகவே, புளித்ததெல்லாம் சைவம். (இந்தத் தர்க்கத்தை வேறு யாராவது கோப்பில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.) ஆனாலும் நடைமுறை நடைமுறைதானே? உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உடையாத முத்திரை, வரி போட்ட ரசீது என்று எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அந்தப் பெண் கொட்டாவி விடும்வரை சரிபார்த்தேன். இது எதிலிருந்து வருகிறது என்பதை மட்டும் கேட்கவில்லை. சைவ, அசைவக் குறி இருக்கும் இடத்தில் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது.

நாங்கள் சுத்த சைவம். மகளின் பிறந்தநாள் கேக்கில் முட்டை இல்லை என்று பேக்கரிக்காரரிடம் எழுதி வாங்கிய ஆள் நான்.

தினமும் காலையில் மோரில் ஒரு கரண்டி கலந்து குடிக்க ஆரம்பித்தேன்.

"என்னங்க, ஒரு மாதிரி கவிச்சி அடிக்குது" என்றாள் என் மனைவி சாரதா.

"புளிச்ச வாசனை. விஞ்ஞானம்னா அப்படித்தான் இருக்கும்."

டப்பா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், தெருப்பூனை ஒன்று ஜன்னலில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும். இந்த மலையடிவாரத்தில் பூனைக்குக்கூடத் தியானம் கூடிவருகிறது என்று சாரதாவுக்கு விளக்கினேன். அவள் என்னையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் நித்யாவின் கல்யாணப் பேச்சு. கூட வேலை பார்க்கும் பையனை அவளே பார்த்துவிட்டாள். பையனின் அப்பா சிவஞானம், ஆரணியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசேஷ நாளில் வெங்காயத்தைக்கூட வாசல்படி தாண்ட விடாதவர். பிடி கொடுக்காமல் பேச்சை இழுத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முழங்கால் வீக்கம். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் இரண்டு கையையும் ஊன்றி, "சிவ சிவா" என்று மூன்று தவணையில் எழுவார். மகளின் வாழ்க்கைக்கு வழி அந்த முழங்கால் வழியாகத்தான் என்று நான் முடிவு செய்தேன். முதல் முறை வந்தபோதே ஒரு டப்பாவை அவர் கையில் திணித்தேன்.

"மோர்ல கலந்து குடிங்க சம்பந்தி. அப்புறம் பாருங்க." (அவர் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. முன்தேதியிட்டு அழைத்தேன்.)

அடுத்த பௌர்ணமிக்கு அவரும் மனைவி காமாட்சியம்மாளும் கிரிவலத்துக்கு வந்தார்கள். அப்படியே நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதாகப் பேச்சு. நித்யாவும் சென்னையிலிருந்து வந்திருந்தாள். வந்தவர்களுக்கு என் கையாலேயே மோர் கலந்தேன். காமாட்சியம்மாள் மட்டும் காபி போதும் என்றுவிட்டார்.

"வயிறு லேசா இருக்குதுங்க" என்றார் சிவஞானம், டம்ளரை ஏந்தியபடி. "பிரதோஷத்தன்னிக்கு வேற ஒண்ணும் தொடறதில்ல. இது ஒண்ணுதான்."

அப்போது பூனை நேராக உள்ளே வந்து அவர் மடியில் ஏறியது.

"நல்ல மனசு இருக்கறவங்களைப் பூனை கண்டுபிடிச்சிடும்" என்றேன். நித்யாகூடச் சிரித்தாள். அந்த நிமிடத்தில் கல்யாணம் பாதி முடிந்திருந்தது.

மீதிப் பாதிக்குள் பக்கத்து வீட்டு பஷீர் பாய் வந்தார். டவுனில் பிளைவுட் கடை வைத்திருப்பவர். அவருக்கும் முழங்கால் தகராறு. அவருக்கும் ஒரு டம்ளர் நீட்டினேன். வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

"எதுல இருந்து சார் எடுக்கறாங்க இதை?"

"புளிக்க வச்சு எடுக்கறாங்க பாய்."

"சரி சார், என்னாத்தைப் புளிக்க வச்சு?"

"தைரியமா குடிங்க. லைசென்ஸ் நம்பரே இருக்குது."

"நம்பரை நான் என்னா சார் பண்றது? ஹலாலான்னு தெரியணும், அவ்ளோதான். கேட்டுட்டா போச்சு."

சம்பந்தியின் எதிரில் என் பொருளின் மீது ஆட்சேபணை! உடனே கஃபேக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை வைத்தேன். எல்லாரும் கேட்கட்டும் என்றுதான்.

"அது மீன் தோலு அங்கிள்" என்றது உற்சாகமான குரல். "கடல் மீனு. மாட்டுத் தோல்ல வர்றது அடுத்த வாரம் வரும். உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டா?"

கூடத்தில் பூனை ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

"மீன்னா நமக்குப் பிரச்சினை இல்ல சார்" என்று பாய் டம்ளரைக் காலி செய்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"என் மோர்ப் பாத்திரத்துலயா இத்தனை நாளா கலக்கினீங்க?" என்றாள் சாரதா.

சிவஞானம் விருட்டென்று எழுந்தார். பூனை பறந்தது. "பிரதோஷத்தன்னிக்கு என்னை மீன் குடிக்க வச்சிட்டீங்களே! காமாட்சி, கிளம்பு. இந்தச் சம்பந்தம் வேணாம்."

நித்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நிலைமையைச் சீர்செய்ய எண்ணி, "நுகர்வோர் மன்றத்துல ஒரு மனு..." என்று தொடங்கினேன்.

"அப்பா! கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்கப்பா!" என்று நித்யா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

காமாட்சியம்மாள் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கையை ஊனாம எழுந்துட்டீங்களே!"

எல்லாரும் முழங்காலைப் பார்த்தோம். சிவஞானமும் குனிந்து பார்த்தார். எழுப்பியது கோபம் என்பது என் கட்சி. கொலாஜன் என்பது பின்னால் கேள்விப்பட்ட கஃபே பெண்ணின் கட்சி. எப்படியோ, ஒரு மனிதன் தன் முழங்காலையே ஆச்சரியமாகப் பார்த்தபடி கோபப்படுவது கஷ்டம். காமாட்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு பேரும் தெரியாமதான சாப்பிட்டீங்க? ரெண்டு பேரும் சேர்ந்தே மலையைச் சுத்திட்டு வாங்க. எல்லாம் கழிஞ்சிடும். வந்தப்புறம் தேதி பேசலாம்."

சுற்றினோம். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் கும்பிட்டார். கடைசியில் இரண்டு பேருக்குமே கால் ஓய்ந்து, சாலையோரம் உட்கார்ந்தோம்.

"சர்வீஸ் முழுக்க ஃபைல் பாத்தீங்களே" என்றார் மெதுவாக. "ஒருத்தருகிட்டயும் 'இது என்னாது'ன்னு கேட்டதே இல்லியா?"

"அந்தக் கேள்விக்குப் படிவத்துல இடம் கிடையாதுங்க."

அவர் சிரித்தார். தேதி அன்றைக்கே குறித்தாயிற்று.

கல்யாணப் பந்தியில் பாயசம் வந்ததும், எதிர் வரிசையிலிருந்து உரக்கக் கேட்டார்: "சம்பந்தி, இது எதுல இருந்து எடுத்தது?" பந்தி முழுக்கக் காரணம் தெரிந்து சிரித்தது. இன்றைக்கும் அவர் வந்தால் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால்கூட முதலில் இந்தக் கேள்விதான்.

அது பரவாயில்லை. பூனை இப்போது எங்கள் வீட்டோடு வந்துவிட்டது. நான் கடையிலிருந்து எதை வாங்கிவந்தாலும் சாரதா முதலில் அதன் முன் வைக்கிறாள். அது முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் பொருள் சமையலறைக்குள் போகிறது. ஒரு காலத்தில் ஊரார் மனுவை எல்லாம் முகர்ந்து பார்த்தவன், இப்போது பெருங்காய டப்பாவோடு பூனையின் ஒப்புதலுக்காக வரிசையில் நிற்கிறேன். அது மதியத் தூக்கத்தில் இருந்தால், எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.