மூடின கிணற்றில் மணம் வராது

கண்ணாத்துறை,
கல்லடி.
12.08.1968

மாட்சிமை தங்கிய பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அச்சுக்கோப்பவர்களும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடி, இளைப்பாறிய கிராம விதானை ச. அல்பேட் எழுதிக்கொள்வது. இங்கும் அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. என் மனைவி மக்டலினுக்கு மூன்று மாதமாகத் தலையிடி. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சென்ற சித்திரையில் தங்கள் பத்திரிகையில் 'கருவாட்டு நாற்றம்: கேட்பார் இல்லையா?' என்ற தலைப்பில் வந்த கடிதம் அடியேனுடையது. எங்கள் வாவிக்கரையில் கூழ்முட்டை மணம் வீசுவதற்கு அயல்வீட்டுச் செபஸ்தியம்மா கருவாடு காயப்போடுவதே காரணம் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். அது பிழை. கடிதம் வெளிவந்த நாள்முதல் அவரிடம் கருவாடு வாங்க ஒருவரும் வருவதில்லை, சந்தையில் அவரைக் கண்டால் மூக்கைப் பொத்துகிறார்கள், அவரோ என்னைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்கிறார். கருவாடு காயும் பந்தல் வெறுமையாய்க் கிடக்கிறது, மணம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. "கருவாடே இல்லாம கருவாடு நாறுதாக்கும்" என்று மக்டலின் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

கருவாடு ஏன் வருவதில்லை என்று விசாரிக்கக் காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்தார் செபஸ்தியம்மாவின் பழைய வாடிக்கைக்காரர் அப்துல் மஜீத். வந்தவர் சைக்கிளைப் பந்தலுக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் குழாயில் சாத்தினார். பதினொரு வருடத்துக்கு முன் எண்ணெய் தேடி வந்த ஒரு கம்பனி தோண்டி, ஒன்றும் அகப்படாமல் கைவிட்டுப்போன கிணற்றின் குழாய் அது. இடுப்பளவு உயரம், தலையில் துருப்பிடித்த மூடி. நாங்கள் அதில் ஆடு கட்டுவோம், உடுப்புக் காயப்போடுவோம். மஜீத் மட்டும் குனிந்து மோந்துபார்த்துவிட்டு, "விதானையார், இந்தக் குழாய் மூச்சு விடுது கா. கொஞ்சம் சவுக்காரம் கொண்டாங்க" என்றார். சவுக்காரத்தை நுரைத்து மூடியைச் சுற்றிப் பூசினார். தோடம்பழம் அளவில் ஒரு குமிழ் ஊதி எழுந்து உடைந்தது, அடுத்தது எழுந்தது. "சைக்கிள் ரியூப்ல ஓட்ட இரிந்தா இப்பிடித்தான் காட்டும். இது பெரிய ஓட்ட" என்றார். நான் அன்று முழுவதும் செபஸ்தியம்மா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம் ஐயா.

உடனே அரசாங்கத்துக்கு எழுதினேன். ஏழாவது கடிதத்துக்குக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவருக்கு நல்ல தடிமன், லேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. கோப்பைப் பிரித்து, "கிணறு மூடியாச்சு எண்டு பதிவு இருக்கு. மூடின கிணத்தில மணம் வராது" என்றார். குமிழைக் காட்டினோம். "சவுக்காரம் எண்டா நுரைக்கும்தானே" என்றார். செபஸ்தியம்மா, மகள் றீற்றாவின் எட்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தப் பிள்ள ரெண்டு தரம் மூச்சிழுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தது. அதயும் கோப்பில எழுதுங்க" என்றார். அதற்கு வேறு திணைக்களமாம். ஜீப் வந்த வழியே கிறுகிப் போய்விட்டது.

ஆகவே ஐயா, கண்ணாத்துறைக் காற்றில் என்ன இருக்கிறதென்று ஊர் அறிய வேண்டும். குழாய் நிற்கும் இடத்தையும் அது கக்குவதையும் முதல் பக்கத்தில் போடுங்கள். செபஸ்தியம்மாவின் கருவாடு குற்றமற்றது என்பதை அதைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். கிணறு மூடப்பட்டதாக எவனோ சாட்சிக் கையெழுத்து வைத்திருக்கிறான், அந்தப் பத்திரத்தின் பிரதி கேட்டு எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம் விதானையாக இருந்தவன் நான், கண்ணால் காணாத எதற்கும் கையெழுத்து வைத்ததில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு கையெழுத்து வைத்த அந்த மடையனின் பெயரையும் கொட்டை எழுத்தில் போட வேண்டும். அந்தப் பிள்ளை நிம்மதியாக மூச்சுவிடும் வரைக்கும் நான் எழுதுவதை நிறுத்தமாட்டேன். தாங்கள் போடாவிட்டால் தங்களுக்கும் ஏழு, எட்டு என்று வந்துகொண்டேயிருக்கும்.

தங்களுக்கும் தங்கள் பேனாவுக்கும் தேவ ஆசீர் நிறைவாய்க் கிடைப்பதாக.

இங்ஙனம்,
ச. அல்பேட்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பிரதி தபாலில் வந்துவிட்டது. 'கிணறு சீமெந்திட்டு மூடப்பட்டதை நேரில் கண்டேன்' என்று இருக்கிறது. கீழே இருப்பது என் கையெழுத்து. அந்த வருடம் மாமாங்கத் திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்த அமிர்தகழிக்கு ஓடிய அவசரத்தில், கம்பனி ஜீப்பை மறித்து ஏறி, அதற்குள் அவர்கள் நீட்டிய தாளில் வைத்தது. வாசித்தும் பார்க்கவில்லை. மக்டலின் "கிழிச்சிப் போடுங்க, ஆருக்குத் தெரியும்" என்றாள். நான் பிரதியையும் கடிதத்தையும் கொண்டுபோய்ச் செபஸ்தியம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முதல் தடவையாகச் சிலுவை போடவில்லை. "மறுகா என்ன, அனுப்புங்க விதானையார். ஒண்டையும் வெட்டாதீங்க" என்றார்.

அதன்படியே அனுப்புகிறேன். பெயர் போட வேண்டிய இடத்தில் என் பெயரைப் போடவும். மடையன் என்ற சொல்லையும் எடுக்க வேண்டாம்.