மணியக்காரர் வீட்டுக் குண்டு மெசின்

"வெள்ளிக்கிழமை போலீசு இன்ஸ்பெக்டர் ஐயா உங்க ஊட்டுக்கு வாராருங்க. அந்தக் குண்டு மெசினைப் பாக்கோணுமாமுங்க" என்றான் தலையாரி சென்றாயன்.

கோழி இறகால் அந்த மெசினின் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மணியக்காரர் ராசப்பனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்துக்குன்னு சொன்னாரா?"

"நம்மகிட்ட எங்கீங்க சொல்லுவாங்க. மூஞ்சி மட்டும் சரியில்லீங்க."

மேட்டூரில் அணை வேலை முடிந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரின் பங்களா ஏலத்தில் எடுத்தது அந்த விளையாட்டு மெசின். பீரோ எடுக்கத்தான் ராசப்பன் போனார். காசு போடும் துவாரம் இருந்தும், காசில்லாமலே கைப்பிடியை இழுத்து விட்டதும் இரும்புக் குண்டு கண்ணாடிக்கடியில் ஓடி, ஆணிகளில் மோதி மோதி, நம்பர் போட்ட ஒரு குழியில் விழுந்ததைப் பார்த்துச் சொக்கிப்போனார். பீரோவை மறந்துவிட்டு, மெசினை வண்டியில் ஏற்றி எருமப்பட்டிப் பக்கத்திலிருந்த தம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு வருஷமாக அதற்கு ராஜ உபசாரம். நான்கு காலும் மட்டமாக நிற்கிறதா என்று கண்ணாடிமேல் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்ப்பார். "எந்தலைக்கு ஒரு நாளாச்சும் எண்ணெ வெச்சு உட்டிருப்பீங்களா?" என்று அவர் மனைவி சென்னியம்மாள் கேட்காத வாரமில்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ராசப்பனுக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. போன மாதம்தான் சேலத்தில் ஒரு காப்பிக் கடையிலிருந்த இதே மாதிரி மெசினைச் சூதாட்டம் என்று பிடித்து, கடைக்காரனையும் சேர்த்தே வண்டியில் ஏற்றிப் போனார்களாம். சூதாடுகிறவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய மணியக்காரர் வீட்டிலேயே மெசின். பாட்டன் காலத்திலிருந்து வந்த வேலை போய்விடும். விலங்கு மாட்டிச் சந்தை வழியாக நடத்திப் போவார்கள் என்று நினைத்ததும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"கெணத்துல தள்ளிட்டா என்ன?"

"குடிக்கற தண்ணிங்க" என்றாள் சென்னியம்மாள்.

ஆகவே மெசின் வைக்கோற்போருக்குள் போயிற்று. மறுநாள் வியாழக்கிழமை. காலையில் எருமை அவிழ்த்துக்கொண்டு வந்து, போரில் அந்தப் பக்கமாகவே பார்த்து வயிறாரத் தின்றிருந்தது. சாணி அள்ள வந்த பக்கத்து வீட்டு ஆத்தாயி கூடையைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க, போருக்குள்ள என்னமோ நாலு காலோட நின்னு மின்னுதுங்க."

 சென்னியம்மாள்தான் பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "சாமி, ஆத்தாயி. போருக்குள்ள இருக்கறேன்னு எங்கனவுல வந்து சொல்லுச்சு."

ஆத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓடினாள்.

யோசித்துப் பார்த்ததில் ராசப்பனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. எந்தப் போலீசுக்காரன் சாமியின் மேல் கை வைப்பான்? மெசினை வெளியே எடுத்து வாசலில் நிறுத்தி, அவரே மஞ்சள் பூசினார். காசு போடுகிற துவாரத்தின்மேல் பெரிய பொட்டாக வைத்து அடைத்தார். பொழுது சாய்வதற்குள் ஊரே வாசலில் நின்றது.

"வந்த சாமிக்கு ரத்தங் காட்டாம உட்டா ஊருக்கு ஆகாதுங்க" என்றாள் ஆத்தாயி. அவளே தன் மேச்சேரிக் கடாவைத் தருவதாகவும் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல ராசப்பனுக்கு வழியில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடாவை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கடா உடம்பை உதற வேண்டும். உதறினால்தான் சாமி ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள் அங்கமுத்து.

 இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடா அசையவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார்கள். அது சாவகாசமாக அசை போட்டது. மூன்றாவது குடமும் ஆயிற்று.

"ஊட்டுக்காரங்க எதையோ மறைக்கறாங்க" என்றாள் ஆத்தாயி. "அதைச் சொன்னாத்தான் கடா துலுக்கும்."

ஊர் முழுக்க ராசப்பனைத் திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டரும் பார்த்தார். முன்னால் போலீஸ், பக்கத்தில் கடா; இதில் எது பொல்லாதது என்று ராசப்பனுக்குத் தெரியவில்லை. தடாலென்று இன்ஸ்பெக்டர் காலில் விழுந்தார்.

"எசமான், இது சாமியில்லீங்க. மேட்டூர் ஏலத்துல எடுத்த குண்டு மெசினுங்க. தெனமும் ஆடினனுங்க. காசு வெச்சு ஆடலீங்க, எம்பொண்டாட்டி மேல சத்தியமா. வேலையை மட்டும் புடுங்கிராதீங்க."

கடா தலையிலிருந்து வால் வரை உதறியது. மஞ்சள் தண்ணீர் எல்லார்மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் மெல்ல மெசினிடம் போனார். கைப்பிடியை இழுத்து விட்டார். குண்டு வழவழவென்று மேலேறி, ஆணிகளுக்குள் இறங்கி, நடுக்குழியில் போய் விழுந்தது. அவர் குனிந்து அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கடாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார், அவருக்கு என்னவோ வெட்கமாக இருந்தது போலிருக்கிறது, கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார்.

அங்கமுத்து ராசப்பனின் காதருகே வந்து குனிந்தான்.

"எங்க ஐயா ஊட்டு மெசின்ல ரெண்டு மாசமா குண்டு மேல ஏறவே மாட்டேங்குதுங்க. உங்ககிட்ட ரோசனை கேக்கலாமுன்னுதான் வந்தமுங்க. அதுக்கும் கடாதான் வெட்டோணுமுங்களா?"