தங்கள் டிராக்டர் கொடுத்த கரண்ட் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல். அனைவரும் என்று எழுதியதில் மாப்பிள்ளையும் அடக்கம். அவர் நன்றாக இருக்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். இரண்டு கைகளும் இருக்கின்றன. வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு கட்டு, அதுவும் சின்னக் கட்டுதான். இப்படித் தனித்தனியாக எழுதுவதைப் பார்த்துத் தாங்கள் பதற வேண்டாம். நின்றுகொண்டு படிப்பதாக இருந்தால் மட்டும் தயவுசெய்து உட்கார்ந்துவிடவும். போனில் சொல்லலாம் என்று பல தடவை எடுத்தேன், தங்கள் குரலைக் கேட்டதும் என் குரல் போய்விடுகிறது. நேற்று பேசாமல் வைத்த போன் என்னுடையதுதான்.

புயலுக்குப் பிறகு ஊரே இருட்டில் கிடந்தபோது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கும் உங்கள் மருமகள் புழுக்கத்தில் தவிக்கக் கூடாது என்று டிராக்டரையும், அதன் பின்னால் மாட்டும் ஜெனரேட்டரையும், கூடவே துணைக்குச் சம்பந்தியம்மாவையும் அனுப்பி வைத்தீர்கள். பெற்ற அப்பன் எனக்குத் தோன்றாதது மாமனார் உங்களுக்குத் தோன்றியது. கீழே எழுதப்போவது எதுவும் அந்த நன்றியைக் குறைக்காது. கேட்டைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை ஒருபக்கம் வளைத்து வண்டியை உள்ளே விட்டோம். புகை வயிற்றுப்பிள்ளைக்காரி பக்கம் போகக் கூடாது என்று சம்பந்தியம்மா வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்தச் சொன்னதில் என் செங்கல் சுவரில் ஒரு மூலை போயிற்று. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, சும்மா தெரியப்படுத்துகிறேன்.

உங்கள் டிரைவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டுதான் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அது ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும் என்று விளக்கி, வேகம் காட்டும் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கண்ணாடி மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "முள்ளு கோட்டை விட்டு மேல போனா பல்பு வெடிச்சிரும் சார், கீழ போனா மோட்டார் கருகிரும். அதைவிட முக்கியம் மெயின் ஸ்விட்ச். மெயினைக் கீழ இறக்கி வெச்சுட்டுத்தான் வண்டியை ஸ்டார்ட் பண்ணணும். இல்லேன்னா நம்ம கரண்ட் வீட்டை விட்டு வெளிய போய் தெருக் கம்பியில ஏறிரும்" என்றார். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இதற்குச் சம்பந்தியம்மாவைத் தவிர எல்லோரும் சாட்சி, அவர்கள் அப்போது உள்ளே மருமகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள்.

நான் பஸ் டெப்போவில் காலம் முழுக்க வண்டி உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் எழுதியவன். எழுதினேனே தவிர எதையும் ஓட்டியதில்லை. இருந்தாலும் தெருவில், "டெப்போக்காரருக்கு வண்டி தெரியாதா" என்று ஒரு பேச்சு. அதற்கு மேல் அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தால், உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, மனிதனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரத்தான் செய்கிறது. முதல் நாள் என் வீட்டம்மா ஜன்னல் வழியாக, "என்னங்க, பேன் மெதுவா சுத்துது, இன்னும் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள். கூட்டினேன். பேன் நன்றாகச் சுற்றியது. டிவி வெடித்தது. அதிலிருந்து அவள் என்னிடம் வாய்திறப்பதில்லை, கோட்டைத் தாண்டி நானும் போனதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "மாப்பிள்ளை கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருக்கார், நம்ம தெருவுக்கே இன்னும் கரண்ட் வரலையே" என்று அடுத்த வீட்டு டெய்லர் மூச்சுக்கு முந்நூறு தரம் கேட்டுவிட்டார். மாப்பிள்ளையோ புயல் அடித்த நாளிலிருந்து கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டு ஓடுவார். நான் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளையைப் பிடித்து வேலை வாங்க முடியுமா. அவரே ஒரு நாள், "நம்ம தெரு கடைசிதான் மாமா. முதல்ல போட்டா சொந்தக்காரங்க தெருன்னு பேச்சு வரும்" என்றார். அன்று எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காயிற்று. மெயினைப் பற்றி அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாமனாருக்கு இதுகூடத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலை வழக்கம்போல் முன்னறைக்குப் போய் மெயினை இறக்கினேன். இறக்கினேன் சம்பந்தி. 'டக்' என்று கேட்ட சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. பிறகு வந்து வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன், முள் கோட்டுக்கு வந்தது, உள்ளே பேன் சுற்றியது, எல்லாம் சரி. கொஞ்ச நேரம் கழித்து வண்டி திடீரென்று முக்கி முனக ஆரம்பித்தது, கறுப்பாகப் புகை கக்கியது, முள் கோட்டுக்குக் கீழே இறங்கியது. டீசலில் ஏதோ கலப்படம் என்று நினைத்து நான் கொஞ்சம் கூட்டினேன், அது இன்னும் முனகியது, நான் இன்னும் கூட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரே கைதட்டல். டெய்லர் கடைக்குள்ளிருந்து அவருடைய மெஷின் ஓடுகிற சத்தம், எதிர்வீட்டில் தண்ணீர் மோட்டார், யாரோ பாட்டை வேறு வைத்துவிட்டார்கள். "கரண்ட் வந்திருச்சு" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. வண்டி மேல் உட்கார்ந்தபடியே டெய்லரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, என் மாப்பிள்ளை போட்டுட்டார்" என்றேன். அவரும் கையெடுத்துக் கும்பிட்டார்.

இனி டிராக்டர் எதற்கு என்று நிறுத்தினேன். தெருவே நின்றது.

டெய்லர் மெஷின் நின்றது, தண்ணீர் மோட்டார் நின்றது, பாட்டு நின்றது. அந்த அமைதியில்தான் தெருக்கோடியிலிருந்து, "நிறுத்து, நிறுத்து" என்று ஒருவர் அலறுவது என் காதில் விழுந்தது. அது எவ்வளவு நேரமாக நடந்துகொண்டிருந்ததோ, வண்டிச் சத்தத்தில் எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் ஓடினேன். கோடிக் கம்பத்தில், இடுப்பு பெல்ட்டில், தலை சாய்ந்து தொங்குகிறார் உங்கள் பிள்ளை.

மன்னிக்கவும், கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

கூட இருந்தவர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். ஆபீஸ் பக்கத்து லைனை அவரே கையால் துண்டித்துவிட்டு வந்திருந்தார், தவறிக் கரண்ட் வந்தாலும் ஆளைத் தாக்காமல் தரைக்குப் போகும்படி கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் சங்கிலியைப் போடக் கை நீட்டிய நேரம். கையுறை போட்டிருந்ததால் உயிர் தப்பியது. கட்டைவிரல் பக்கம் கையுறை கிழிந்திருந்ததால் விரல் மட்டும் கருகிவிட்டது. தரையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து முதலில் என்ன சொன்னார் தெரியுமா. "டிராக்டர் சத்தம் கேட்டுது மாமா. டிரைவர் அண்ணன்தான் ஓட்டறாருன்னு நினைச்சுதான் தைரியமா ஏறினேன்."

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். முன்னறையில் மெயின் மேலே இருந்தது. என் கண்ணால் பார்த்தேன், மேலேதான் இருந்தது. இடது கையால் அதை இறக்கிவிட்டு, "மெயின் மேல இருக்கு மாமா" என்றார். "நான் இறக்கினேனே மாப்பிள்ளை" என்றேன். "சரி மாமா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், துடிப்பு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மருமகள் படுத்தபடியே என்னைப் பார்த்து, "ஏம்ப்பா" என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

இப்போது என் கவலை சம்பந்தியம்மாவைப் பற்றித்தான். அன்றிலிருந்து அவர்கள் ஒரு வாய் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகன் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அறைக்குள் போனால் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். என் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது, நியாயம்தானே. ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவர்கள். ஆகவே ஒரு விண்ணப்பம். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, சம்பந்தியம்மா கண் முன்னால் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும். தெருவே கேட்கும்படி கேட்டாலும் சரி. நான் ஒன்றும் எதிர்த்துப் பேச மாட்டேன். அப்போதாவது அவர்கள் மனம் ஆறி ஒரு வாய் சாப்பிடுவார்கள். போகும்போது டிராக்டரை அழைத்துக்கொண்டு போய்விடவும். சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், என்னிடமிருந்தே.

மெயினை இறக்கினேன் என்றுதான் என் விரல்கள் இன்றும் சொல்கின்றன. ஆனால் வீட்டில் எல்லோரும், தெருவில் எல்லோரும் நான் மறந்துவிட்டேன் என்கிறார்கள். இத்தனை பேர் சொன்னால் மறந்துதான் இருப்பேன். வயசாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, அதையும் மறைக்கவில்லை.

மாப்பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கவும், பிறக்கப்போகும் குழந்தை இந்தத் தாத்தாவின் புத்தியில்லாமல் பிறக்கவும், தங்கள் வயல் மோட்டாருக்கு இரவும் பகலும் கரண்ட் நிற்காமல் வரவும் மனதார வேண்டுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, டிரைவருக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
தங்கள் முன் தலைநிமிர முடியாத சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தியம்மா வந்து கதவோரம் நின்றார்கள். உங்களுக்கு எழுதுகிறேனா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்கள். பிறகு, "நான்தாண்ணா தூக்கிவிட்டேன்" என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க வீட்ல அது எப்பவும் மேலதாண்ணா இருக்கும். இங்க கீழ தொங்கிட்டு இருந்துச்சு. பாவம், அண்ணன் மறந்துட்டாரேன்னு நினைச்சு மேல தூக்கிட்டு, மருமகளுக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போயிட்டேன். என் கையாலயேண்ணா" என்றார்கள். நான் கோபம் என்று நினைத்தது கோபம் இல்லை சம்பந்தி, பயம்.

ஆகவே மேலே எழுதிய விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யவும். வாருங்கள், ஆனால் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம். தங்களிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், கடிதத்தைக் கிழித்துப் போடும்படியும் கேட்டுக்கொண்டார்கள். கிழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொல்லும்போது முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொள்ளவும். கேட்டுவிட்டுச் சாப்பிட வைக்கவும்.

மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். பெற்றவள் கை என்று தெரிந்தால் அடுத்த கம்பம் ஏறும்போது அவருக்குக் கை நடுங்கும். அதனால் நானே அவரிடம் போய், "மாப்பிள்ளை, யோசிச்சுப் பாத்தேன், நான்தான் மெயினை இறக்க மறந்துட்டேன்" என்று சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தெரியும் மாமா" என்றார். அதுதான் கொஞ்சம் வலிக்கிறது.